பதின்ம வயதினரை நூலகத்தில் தக்கவைப்பது எப்படி? சனிக்கிழமைப் படைப்புக் கூடம் குறித்து ஆலோசனை வேண்டும்

வாசகர் வட்டத்தான் (இழையைத் தொடங்கியவர்):

மதுரையின் தென்பகுதியில் உள்ள ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் பொறுப்பு வகிக்கிறேன். எங்கள் நூலகத்தில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் படக்கதை நூல்களைத் தேடி வருகிறார்கள். இருபது வயதைக் கடந்தவர்கள் அரசுப் பணியாளர் தேர்வுக்குப் படிக்கக் காலையிலேயே வந்து இடம் பிடிக்கிறார்கள். நடுவில் இருக்கும் 13 முதல் 17 வயது வரையிலானவர்களைத்தான் காண முடிவதில்லை. எட்டாம் வகுப்புக்குப் பிறகு உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை மாடிக் கூடத்தை இந்த வயதினருக்கென ஒதுக்கித் தர எங்கள் நூலகர் இசைந்திருக்கிறார். நீண்ட மேசைகள் இரண்டும் நாற்காலிகளும் இருக்கின்றன. ஒரு பழைய கணினியும் உண்டு. பணம் என்று பார்த்தால் வட்டத்தின் கையிருப்பில் சொற்பமே. வட்ட உறுப்பினர்களைக் கேட்டால் எல்லோரும் கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி என்றே சொல்கிறார்கள். அவற்றை முன்பும் நடத்தியிருக்கிறோம். பரிசளிப்பு நாளன்று கூடம் நிறைந்துவிடும், ஆனால் அடுத்த வாரம் அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூட வருவதில்லை. புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் வசதிகளோடு எங்களால் போட்டியிட இயலாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறிய கிளை நூலகத்தில் உண்மையில் என்ன செய்ய முடியும் என்பதே என் கேள்வி.

திருமங்கலம் ஆசிரியை:

ஐயா, போட்டிகளை விட்டுவிடுங்கள் என்று சொல்லவே முதலில் எழுதுகிறேன். அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடைபெறுகிறது; பள்ளி அளவில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று அது மேலே செல்கிறது. போட்டியிட விரும்பும் பிள்ளைக்கு அங்கே மேடை இருக்கிறது. முதல் சுற்றிலேயே வெளியேறியவருக்கும், பெயரே கொடுக்காமல் கடைசி வரிசையில் அமர்ந்து குறிப்பேட்டின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டிருப்பவருக்கும்தான் இடம் இல்லை. நூலகம் அவர்களுக்கு உரியதாக இருக்கட்டும்.

என் வகுப்பில் பலன் தந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஏ4 தாளை நீளவாக்கில் ஒருமுறையும் குறுக்கே இருமுறையும் மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டங்கள் கிடைக்கும். தாளைக் குறுக்கே பாதியாக மடித்து, மடிப்பு ஓரத்திலிருந்து நடுக்கோட்டின் வழியே பாதித் தொலைவு மட்டும் கத்தரித்துவிட்டு, பிரித்து நீளவாக்கில் மடித்து இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால், பின்னடிக்காமலும் ஒட்டாமலும் எட்டுப் பக்க இதழ் ஒன்று உருவாகிவிடும். எழுத்தும் படமும் தாளின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருப்பதால் ஜெராக்ஸ் கடையில் ஒருபக்க நகலாகவே எத்தனை படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இதில் பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: மேல் வரிசையின் நான்கு கட்டங்களும் தலைகீழாக அமைய வேண்டும். ஆகவே முதலில் வெற்றுத்தாளை மடித்து, இதழாக்கி, பக்க எண்களைப் பென்சிலால் இட்டு, அதன் பிறகு பிரித்து வைத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள்.

கையெழுத்து இதழ் நடத்துவது தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. ஒரே படியை எழுதித் தெரு முழுக்கச் சுற்றுக்கு விட்ட தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. ஒருவர் ஒரு பிற்பகலில் முடித்துக் கையில் எடுத்துச் செல்லக்கூடிய அளவுக்கு அது சிறியதாக இருப்பதுதான் இங்கே முக்கியம். முப்பது பக்க இதழுக்கு ஆசிரியர் குழு அமைத்தீர்களானால் இரண்டு பேர் உழைப்பார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

காலத்தையும் கவனியுங்கள். மார்ச், ஏப்ரல் தேர்வுக் காலம். சித்திரைத் திருவிழா வாரத்தில் நூலகப் பக்கம் ஈ, காக்கை வராது. மே மாதத்தில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். பள்ளி திறந்த ஜூனில் தொடங்கிக் காலாண்டுத் தேர்வுக்கு முன் ஒரு சுற்றை முடித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

பெற்றோர் ஒருவர்:

மாறுபட்ட கருத்தைச் சொல்வதற்கு மன்னிக்கவும். என் மகள் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறாள். பள்ளி, டியூஷன், நீட் பயிற்சி ஆகியவற்றுக்குப் பிறகு அவளுக்கு எஞ்சுவது தூக்கம் மட்டுமே. சனிக்கிழமை இரண்டு மணி நேரம் தாள் மடிக்கப் போகிறேன் என்று சொன்னால் எந்த வீட்டில் அனுப்புவார்கள்? அது மட்டுமன்று, கிராமத்திலிருந்து வந்து அறை எடுத்துத் தங்க வசதியில்லாத எத்தனையோ பிள்ளைகளுக்கு நூலகத்தின் அமைதிதான் மூலதனம். அவர்கள் தலைக்கு மேலே மாடியில் நாற்காலிகள் இழுபடும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தால் அது நியாயமா? நூலகம் படிப்பதற்கான இடம். கைவேலைக்குப் பள்ளி இருக்கிறது.

ஓய்வு பெற்ற நூலகர்:

பெற்றோர் எழுப்பிய இரண்டு கேள்விகளில் ஓசை பற்றியதை நான் முழுமையாக ஏற்கிறேன். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் உறை மாட்டுவதும், ஒலி எழும் நிகழ்ச்சிகளை வாசகர் குறைவாக உள்ள நேரத்துக்கு மாற்றுவதும், கீழ்த்தளத்தில் அறிவிப்பை முன்கூட்டியே ஒட்டுவதும் அடிப்படை மரியாதைகள். தேர்வர்களைப் பகைத்துக்கொண்டு எந்த நிகழ்ச்சியும் மூன்று வாரம் தாண்டாது.

ஆனால் நூலகம் படிப்பதற்கு மட்டுமே என்பதை ஏற்க இயலவில்லை. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தால்தான் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் மதுரையில் வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதைச் செலுத்துகிறார். தேர்வு எழுதாதவரும் செலுத்துகிறார். நம் சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. குழந்தைகள் பிரிவு இருக்கிறது, போட்டித் தேர்வுப் பிரிவு இருக்கிறது, 15 வயதுக்காரருக்கு உரிய அலமாரி எது என்று கேட்டால் பெரும்பாலான கிளை நூலகங்களில் விடை இல்லை.

இனி நடைமுறை. நூலகர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பது வெளியில் இருப்பவர்களுக்கு எளிதில் புரிவதில்லை. வரவுப் பதிவேட்டில் ஏறிய ஒவ்வொரு நூலுக்கும் இருப்புச் சரிபார்ப்பின்போது அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பழைய செய்தித்தாள்கூட எடைக்கு விற்றுக் கணக்கில் சேர்க்க வேண்டிய பொருள். ஆகவே வெட்டி ஒட்டும் வேலைக்கு நூலகத்தின் நாளிதழைக் கேட்காதீர்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்தே கொண்டுவரட்டும். வாசகர் வட்டக் கூட்டத்தில் இந்த நிகழ்ச்சி குறித்துத் தீர்மானம் இயற்றி, அதன் படியை மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு தாளில் இருக்கும் தீர்மானம் நூலகருக்குக் கவசம். நூலகர் மாறுதலாகிச் சென்றாலும் அடுத்து வருபவரிடம் காட்டுவதற்கு ஏதோ ஒன்று கையில் இருக்கும்.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்வேன். பிள்ளைகள் உருவாக்கும் இதழை நூலகத்திலேயே வையுங்கள், மற்றவர் எடுத்துப் படிக்கும்படி வையுங்கள். அதை வரவுப் பதிவேட்டில் ஏற்றினால் தொலையும்போது சிக்கல் வரும். மாறாக, வாசகர் வட்டத்தின் பெயரில் தனிக் குறிப்பேடு போட்டு, வரிசை எண் இட்டு, 'உள்ளூர்த் தொகுப்பு' என்று ஒரு தட்டில் அடுக்குங்கள். பரிசுக் கோப்பை வீட்டு அலமாரியில் தூசி படிந்துகொண்டிருக்கும். தான் எழுதியதை இரவல் வாங்கியவர் யார் என்று பார்ப்பதற்கு அந்தப் பிள்ளை தானாகவே மறுவாரம் வரும்.

பதினொன்றாம் வகுப்பு:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே எழுதியவர்களில் இந்த வயதில் இருப்பது நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாங்கள் ஏன் வருவதில்லை என்றால், வந்தால் உடனே எங்களை உட்கார வைத்து உரை நிகழ்த்துகிறார்கள். நான் சென்ற ஒரு நூலக நிகழ்ச்சியில் வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகித்தோரின் வாழ்த்துரை, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, நினைவுப் பரிசு என்று போய், பயிற்சி தொடங்கும்போது என் நண்பர்களில் பாதிப் பேர் பின்வாசல் வழியாக வெளியேறியிருந்தார்கள். தயவுசெய்து மேடை போடாதீர்கள். 'குழந்தைகளே' என்று அழைக்காதீர்கள். சுவரொட்டியில் கார்ட்டூன் பொம்மை போட்டால் எட்டாம் வகுப்புக்கு மேல் யாரும் வர மாட்டார்கள்.

பெற்றோர் சொன்ன நேரப் பிரச்சினை உண்மையானது. ஆனால் ஒவ்வொரு வாரமும் வந்தாக வேண்டும், வருகைப்பதிவு உண்டு என்று வைத்தால்தான் அது பாரமாகும். வரும்போது வரலாம், இரண்டு வாரம் வராமல் மூன்றாவது வாரம் வந்தாலும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்றால் நான் வருவேன். என் தோழிகளைப் பொறுத்தவரை, ஐந்து மணிக்கு முடியும் என்றால் ஐந்து மணிக்கு முடிய வேண்டும். ஆறரை மணிக்கு மேல் டவுன் பஸ்ஸில் கூட்டத்தில் நின்று வீடு சேர்ந்தால் மறுவாரம் அனுப்ப மாட்டார்கள். கழிப்பறை திறந்திருக்க வேண்டும், உள்தாழ்ப்பாள் வேலை செய்ய வேண்டும். இதை யாரும் திட்ட அறிக்கையில் எழுதுவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

ஆசிரியை அவர்களுக்கு ஒரு கேள்வி: இதழில் சித்திரக்கதை போடலாமா? எனக்குப் படம் வரையத் தெரியும். ஆனால் பேச்சுக் குமிழுக்குள் தமிழ் வசனம் அடங்குவதே இல்லை.

திருமங்கலம் ஆசிரியை:

தாராளமாகப் போடலாம், தம்பி. சிவகாசியிலிருந்து பல்லாண்டுகளாகச் சித்திரக்கதை இதழ்கள் வந்துகொண்டிருக்கும்போது மதுரைப் பிள்ளைகள் வரைவதற்கு என்ன தடை? குமிழை முதலில் வரைந்துவிட்டு வசனத்தை உள்ளே திணிப்பதால்தான் அடங்குவதில்லை. வசனத்தை முதலில் எழுது, அதைச் சுற்றிக் குமிழ் போடு, எஞ்சிய இடத்தில் ஆளை வரை. தமிழில் ஒரு சொல்லே எட்டு, பத்து எழுத்துகள் நீளும். அதை இரண்டு வரியாக உடைக்க நேர்ந்தால் விகுதிக்கு முன்னால் உடைத்தால் படிப்பவர் கண் தடுக்காது. பேச்சு வழக்கில் எழுதினாலே பாதி இடம் மிச்சமாகும்.

இதே காரணத்தால் செய்தித்தாளில் சொற்களைக் கறுப்பு மையால் அழித்து எஞ்சியவற்றைக் கவிதையாக்கும் பயிற்சி தமிழில் இன்னும் சுவையாக அமைகிறது. 'சென்றுகொண்டிருந்தவர்களிடம்' என்ற ஒரு சொல்லில் பின்பகுதியை அழித்தால் 'சென்று' மட்டும் நிற்கும். முன்பகுதியை அழித்தால் 'அவர்களிடம்' கிடைக்காமல் 'தவர்களிடம்' என்று முழிக்கும். எந்த இடத்தில் வெட்டலாம் என்று தேடும்போதே இலக்கண வகுப்பில் கொட்டாவி விட்டவர்கள் புணர்ச்சியைப் பற்றிச் சண்டையிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒலிப்பதிவாளன்:

தாள் வேலையில் ஆர்வம் இல்லாத பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுக்கு ஒலியைக் கொடுங்கள் என்பது என் பரிந்துரை. நம் ஊரைச் சுற்றிப் பதிவு செய்யப்படாத குரல்கள் ஏராளம். செல்லூரில் கைத்தறி நெய்தவர்கள், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்ட சௌராஷ்டிரப் பாட்டிமார்கள், நவராத்திரிக்கு முன்பு விளாச்சேரியில் கொலுப் பொம்மைக்கு வண்ணம் பூசுபவர்கள் ஆகியோரைப் பிள்ளைகள் சென்று கண்டு பத்து நிமிடம் பேசவைத்துப் பதிவு செய்து வரட்டும். அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு அது சொந்தப் பாட்டியாகவே இருக்கும். பாட்டி சௌராஷ்டிர மொழியில் பேசினால் அதையும் அப்படியே பதிவு செய்துகொண்டு, பேரப்பிள்ளை தமிழில் விளக்கம் சொல்லட்டும்.

கருவி என்று கைப்பேசியைத் தவிர எதுவும் வேண்டியதில்லை, ஆனால் சில ஒழுங்குகள் வேண்டும். மதுரை வெயிலில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். இருந்தாலும் பதிவு முடியும் வரை நிறுத்தித்தான் ஆக வேண்டும், இல்லையெனில் பேச்சு முழுவதும் ஒரு இரைச்சலின் அடியில் கிடக்கும். கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டு, பேசுபவர் வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். நேர் எதிரே வைத்தால் ஒவ்வொரு பகரத்துக்கும் காற்று மோதும். தொடங்குவதற்கு முன் அரை நிமிடம் யாரும் பேசாமல் வெற்று அறையின் ஒலியைப் பதிவு செய்துகொண்டால், பிறகு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அந்தப் பகுதியை மாதிரியாகக் காட்டி இரைச்சலைக் குறைக்கலாம். அந்த மென்பொருளுக்கு உங்கள் பழைய கணினியே போதுமானதாக இருக்கலாம். கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஒப்புதல் இல்லாமல் எதையும் வெளியிட வேண்டாம். பேசியவரின் கையொப்பமோ கைநாட்டோ ஒரு தாளில் இருக்க வேண்டும். பதிவு செய்யும் பிள்ளைகள் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்பதால் அவர்கள் பெயரையும் குரலையும் இணையத்தில் ஏற்றுவதற்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. என்னைக் கேட்டால் முதல் ஆண்டில் இணையத்தின் பக்கமே போகாமல், நூலகக் கணினியில் காதொலிக் கருவியை மாட்டிக் கேட்கும்படி மட்டும் வைத்தால் போதும்.

கடல் கடந்த மதுரைக்காரன்:

சில ஆண்டுகள் சிகாகோவில் வசித்தவன் என்பதால் அங்கே உள்ளதைச் சொல்கிறேன். நகர மையத்தில் இருக்கும் ஹரால்ட் வாஷிங்டன் நூலகத்தில் 2009-இல் 'யூமீடியா' என்ற பகுதியைத் திறந்தார்கள். அது உயர்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு மட்டுமான இடம். மிசுகோ இட்டோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இளையோரைக் கவனித்துக் கண்ட மூன்று நிலைகளை வைத்து அந்த இடத்தை வடிவமைத்தார்கள்: முதலில் நண்பர்களோடு சும்மா கூடியிருப்பது, பிறகு கண்ணில் பட்ட கருவியைத் தொட்டுப் பார்ப்பது, அதன் பிறகு பிடித்துப்போன ஒன்றில் ஆழ இறங்குவது. ஒலிப்பதிவு, நிழற்படம், கவிதை என்று ஒவ்வொன்றிலும் கைதேர்ந்தவர்கள் வழிகாட்டிகளாக உடன் இருப்பார்கள். பாடத்திட்டம் கிடையாது.

அந்த நிதியும் கருவிகளும் நம்மிடம் இல்லை. ஆனால் முதல் நிலையான 'சும்மா கூடியிருப்பது' காசு கேட்பதில்லை. அதற்குத்தான் நம் நூலகங்களில் இடமே கொடுப்பதில்லை. 'என்ன வேலையாக வந்தாய்?' என்பதுதான் வாசலில் கேட்கப்படும் முதல் கேள்வி.

பெற்றோர் ஒருவர்:

மகளிடம் இந்த இழையைக் காட்டினேன். வருகைப்பதிவு இல்லை என்ற வரியைத்தான் அவள் இரண்டு முறை படித்தாள். மாதம் ஒரு சனிக்கிழமை அனுப்பிப் பார்க்கிறேன். ஓசை குறித்த என் நிலையில் மாற்றம் இல்லை. கூடத்தில் எந்நேரமும் பெரியவர்கள் இருப்பார்களா, யார் இருப்பார்கள் என்பதற்கும் தெளிவான விடை வேண்டும்.

வாசகர் வட்டத்தான்:

எல்லோருக்கும் நன்றி. வட்டக் கூட்டத்தில் பேசி முடிவெடுத்தவற்றைத் தெரிவிக்கிறேன். ஜூன் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை தொடங்குகிறோம். தொடக்க விழா கிடையாது. இதனால் எங்கள் தலைவருக்குச் சற்று வருத்தம்தான், அவருக்கு நவம்பரில் தேசிய நூலக வார விழாவை ஒதுக்கிச் சமாதானப்படுத்தியிருக்கிறோம். முதல் நான்கு வாரங்கள் மடிப்பிதழும் சித்திரக்கதையும். அதன் பிறகு விருப்பமுள்ளவர்களுக்கு ஒலிப்பதிவு. பெற்றோர் கேட்ட கேள்விக்கு விடை: வட்டத்திலிருந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இருவர் எப்போதும் கூடத்தில் இருப்பார்கள், ஒருவர் மட்டும் தனித்து இருக்கும் நிலை வராது, மாடிக் கதவு திறந்தே இருக்கும், அவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் அறிவிப்புப் பலகையில் இருக்கும். கழிப்பறைத் தாழ்ப்பாளை இந்த வாரமே மாற்றிவிட்டோம். நாற்காலிகளுக்கு ரப்பர் உறை வாங்க ஒருவர் புரவலராகச் சேர முன்வந்திருக்கிறார்.

எஞ்சியிருக்கும் ஐயம் ஒன்றுதான். பிள்ளைகள் இதழில் எதையாவது எழுதி, அதைப் படித்த யாரேனும் நூலகரிடம் புகார் சொன்னால் என்ன செய்வது? பள்ளியையோ பக்கத்துத் தெருவையோ கிண்டல் செய்து எழுதத்தான் செய்வார்கள்.

ஓய்வு பெற்ற நூலகர்:

எழுதட்டும். தட்டில் வைப்பதற்கு முன் வட்டத்திலிருந்து ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும். உயிரோடு இருக்கும் ஒருவரைப் பெயர் சொல்லி இழிவுபடுத்துதல், சாதியைச் சொல்லி வைதல், பெண் பிள்ளைகளின் அடையாளத்தை வெளிப்படுத்துதல் ஆகிய மூன்றைத் தவிர எதற்கும் கை வைக்க வேண்டாம். எழுத்துப் பிழையையும் திருத்த வேண்டாம். ஆசிரியை அவர்கள் என்னோடு சண்டைக்கு வந்தாலும் இதில் நான் உறுதியாக இருக்கிறேன். புகார் வந்தால் புகார் சொன்னவரிடம் ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்து மறுப்பை எழுதித் தரச் சொல்லி, அதையும் வரிசை எண் இட்டு அதே தட்டில் வையுங்கள்.

திருமங்கலம் ஆசிரியை:

சண்டைக்கு வரவில்லை, ஐயா. ஒற்றுப்பிழையை மட்டும் பென்சிலால் ஓரத்தில் குறிக்க அனுமதி கேட்கிறேன். முதல் சனிக்கிழமைக்கு நானும் வருகிறேன். ஏ4 தாள் ஒரு கட்டும், முனை மழுங்கிய கத்தரிக்கோல் ஆறும் பள்ளியில் என் மேசையில் இருக்கின்றன. அடித்தால் மறுபக்கம் ஊறாத கறுப்புப் பேனாவை மட்டும் நீங்கள் வாங்கி வைத்துவிடுங்கள்.

பதினொன்றாம் வகுப்பு:

நான்கு பேர் வருகிறோம். ஒருவன் படம் வரைய மாட்டான், எழுதவும் மாட்டான், சும்மா உட்கார்ந்திருப்பானாம். பரவாயில்லையா?

வாசகர் வட்டத்தான்:

பரவாயில்லை. நாற்காலி இருக்கிறது.